வாடிய பூச்செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஐப்பசி மழை விட்டு நாலாம் நாள். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மதினி வாசல் ஓரம் பாத்தி கட்டிக் கேந்தி (செண்டுமல்லி) வைத்திருந்தார்கள். பதினோரு செடியில் நாலு தலை தொங்கிவிட்டது. "ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தத்தான செய்தேன், பொறவு ஏன் இப்படிச் சொணங்கிக் கெடக்கு?" என்று கேட்டார்கள். கையில் அப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது.

ஒரு செடியைப் பிடித்தேன், இழுக்காமலே கையோடு வந்தது. வேர் பழுப்பேறி இருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்றது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். மண்ணில் சாக்கடை வாடை. மழைத் தண்ணீரும் வாளித் தண்ணீரும் சேர்ந்து, காற்றுப் புக இடமில்லாமல் மூச்சுமுட்டி அழுகிய வேர் அது. நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும்.

மண் காய்ந்தாலும் இலைக்குத் தண்ணீர் போகாது, வேர் அழுகினாலும் போகாது. மேலே தெரிவதென்னவோ இரண்டுக்கும் அதே தொங்கல்தான். நம் வீடுகளில் பூச்செடி அதிகம் சாவது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பாசம் கூடின கை, வாடலைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிவிடுகிறது.

அதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் வாளியைக் கீழே வையுங்கள். எந்த நேரத்தில் வாடுகிறது என்றும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் நம்மூரில், மத்தியானம் இரண்டு மணிக்குக் காசித்தும்பையும் ஜீனியாவும் துவளத்தான் செய்யும். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அதற்கு ஒன்றும் இல்லை. விடியற்காலையிலும் தலை தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் கோளாறு வேரிலோ தண்டிலோ இருக்கிறது.

மண்ணைப் பொறுத்தும் தண்ணீர் விடும் முறை மாற வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் ஊற்றியது கீழே ஓடிவிடும். கரிசலில் பாத்தியை அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாகக் கட்டி, ஆற்று மணலும் மக்கிய எருவும் கலக்காமல் மழைக்காலத்தில் பூச்செடி வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய மழையைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் தேங்குவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வாடல் உண்டு. இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே ஒன்றிரண்டு நாளில் செடி முழுக்கத் துவண்டுவிடும். அடித்தண்டைச் சாய்வாக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் விட்டு, வெட்டு முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் புகை மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தடித்துப் பிழைக்கவைக்க முடியாது. வேர் மண்ணோடு தோண்டியெடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். காலியான இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் வைப்பதும் தவறு, அதே கிருமி அவற்றையும் பிடிக்கும்.

வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது மணி மணியாக முடிச்சு தெரிந்தால், அது வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழு. காசித்தும்பையிலும் கோழிக்கொண்டையிலும் பார்க்கலாம்.

எருவில் செய்கிற தவறும் சின்னது இல்லை. தொழுவத்திலிருந்து வந்த பச்சைச் சாணியை அப்படியே தூரில் வைக்கிறார்கள். அது மக்கும்போது சூடு கிளம்பி வேரைச் சுடும், அதில் இருக்கும் வெள்ளைப் புழு வேரைக் கடிக்கும். சில மாதம் மக்கி, கையில் உதிர்ந்து, மண் வாசம் அடித்தால்தான் எரு. யூரியா, டிஏபியைத் தண்டை ஒட்டிப் போட்டால் இலை ஓரம் கருகும்.

இலை ஓரக் கருகலுக்கு உப்பும் காரணம். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு விடுகிறவர்கள் நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனால் போர்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிவாக அதில்தான் வருகிறது. அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அங்கணத்துச் சோப்புத் தண்ணீரும் பாத்திக்குப் போகவேண்டாம். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் வடிகால் சரிசெய்து, நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஆழமாக விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள்.

நர்சரியில் வாங்கும் சால்வியாவும் பெட்டூனியாவும் பச்சை வலை நிழலில் வளர்ந்தவை. வந்த அன்றே வெயிலில் நட்டால் இரண்டு நாளில் வெளுத்துச் சுருளும். காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பழக்கி, சாயங்காலம் நடுங்கள். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் நடும்போது மெதுவாகப் பிரித்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் களிமண் கட்டியையும் உடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுற்று மண்ணில் ஈரம் இருந்தாலும் கட்டிக்குள் இறங்காது.

ஆனி, ஆடியில் தென்காசியில் சாரல் விழும்போது நமக்கு வறண்ட காற்றுதான். அப்போது செம்பேன் பெருகும். இலையில் ஊசி குத்தின மாதிரி வெளிர்புள்ளி கண்டால், வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள், நகரும் புள்ளிகள்தான் பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்புறம் படும்படி சாயங்காலம் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பேனோடு இலையும் கருகும்.

மதினியின் பாத்தியில் நாலு செடியையும் எடுத்துவிட்டு, ஓரத்தில் வாய்க்கால் கீறித் தண்ணீரை வடித்தோம். மிச்சம் ஏழுக்கும் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (வேரைக் காக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்துத் தூரில் ஊற்றினோம். வாளியை ஆறு நாள் தொடவில்லை. இரண்டு செடி அப்புறமும் போனது. ஐந்து நிமிர்ந்து கார்த்திகையில் பூத்தன. இப்போது மதினி காலையில் எழுந்ததும் முதலில் பாத்தி மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.