பால் எந்தக் கலவை? லேசர் ஒளியில் பாருங்கள்

பாலை ‘ஒருபடித்தான கலவை’ (எங்கும் ஒரே சீராகக் கலந்தது) என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கும் மாணவர்கள் அதிகம். கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிவதுதான் காரணம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு சிறிய சிவப்பு லேசர் விளக்கு போதும்.

மூன்று கண்ணாடி டம்ளர்களில் தலா 200 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அடுத்ததில் இரண்டு சொட்டுப் பால், மூன்றாவதில் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூள். நன்றாகக் கலக்கி, குமிழிகள் அடங்கியதும் அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒளியைச் செலுத்துங்கள். சர்க்கரைக் கரைசலுக்குள் ஒளியின் பாதை ஏறக்குறையத் தெரியாது. அது உண்மைக் கரைசல், அதாவது சர்க்கரை முழுவதும் கரைந்துவிட்ட ஒருபடித்தான கலவை. பால் கலந்த நீரில் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதே இந்த டிண்டால் விளைவு. ஆகவே பால் கூழ்மம், அதாவது கரையாத நுண்துகள்கள் நீரில் பரவியிருக்கும் பலபடித்தான (ஒரே சீராக இல்லாத) கலவை. சாக்பீஸ் நீரிலும் கோடு தெரியும். ஆனால் சற்று நேரத்தில் தூள் அடியில் படிந்துவிடும், வடிதாளிலும் தங்கும். அது தொங்கல். கூழ்மமோ படியாது, சாதாரண வடிதாளில் நழுவிப் போய்விடும்.

சோதனை பிசகுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். குழாய்த் தண்ணீரின் நுண்தூசியே ஒளியைச் சிதறடிக்கும். எதுவும் கலக்காத நீரை முதலில் சோதியுங்கள். சர்க்கரைக்குப் பதில் தூள் உப்பு வேண்டாம், கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கலாக்கும். பால் கூடினால் ஒளி உள்ளேயே போகாது. டம்ளர் சுவரில் விழும் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள், நீரின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். லேசரை யார் கண்ணிலும் படவிடக் கூடாது.