தூங்கும் கணினியை மாடியிலிருந்து எழுப்ப

எங்கள் வீட்டுப் பிரின்டர் கூடத்துக் கணினியோடு யூஎஸ்பி கேபிளில் இணைந்தது. மாடியில் மகள் மடிக்கணினியிலிருந்து அச்சிட முயன்றால் 'ஆஃப்லைன்' என்றே வரும். இரண்டு வாரம் ரவுட்டரைத் திட்டினேன், பாவம். குற்றவாளி கணினியின் தூக்கம்.

கணினியை உறங்கவிட்டு, பின்புறம் குனிந்து பாருங்கள். லேன் கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். அணைந்திருந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) 'வேக் ஆன் லேன்', அதாவது நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வசதியை இயக்குங்கள்.

அடுத்து, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கம். அங்கே மூன்று கட்டங்கள். மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்னும் முதல் கட்டத்தின் டிக்கை எடுத்தால் மற்ற இரண்டும் மங்கிவிடும்; எடுக்காதீர்கள். கணினியை எழுப்ப அனுமதிக்கும் இரண்டாவதையும், மேஜிக் பாக்கெட்டுக்கு (எழுப்பவென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் சிறு செய்தி) மட்டும் என்னும் மூன்றாவதையும் டிக் செய்யுங்கள். மூன்றாவதை நான் விட்டுவிட்டேன்; நள்ளிரவில் மின்விசிறி இரைய, கணினி தானே விழித்துக்கொண்டது.

இனி கைபேசியில் ஒரு வேக் ஆன் லேன் செயலி, அதில் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). மேஜிக் பாக்கெட் அந்த முகவரியை 16 முறை திரும்பச் சொல்கிறது, பள்ளி நாளில் பிள்ளையை எழுப்புவதைப்போல. வைஃபையில் மட்டும் இணைந்த கணினி இதற்கு எழும் என்று நம்பவேண்டாம், கேபிள் போடுங்கள்.