டெல்லியிலிருந்து தம்பிக்குப் பங்குனிச் சேதி

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு டெல்லி வீட்டிலிருந்து சேதி அனுப்பப் போகிறீர்களா? முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதுவரை நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருந்த நியூ ஜெர்சி அதன்பின் ஒன்பதரைதான். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, ஐந்தரை நாலரையாகும். சிங்கப்பூர், துபாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. ஞாயிறு காலை 7 மணிக்கே கூப்பிட்டுப் பழகியிருந்தால் நியூ ஜெர்சியில் சனி இரவு எட்டரை என்பது ஒன்பதரையாகிவிடும், குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். அதனால் நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவைக்கும்வரை காலை 6 மணி.

"உடனே கூப்பிடு" என்று மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அவன் அதை நடுராத்திரியில் பார்ப்பான், மீதி ராத்திரி தூக்கம் போச்சு. "எல்லாரும் நல்லா இருக்கோம். வீட்டு விஷயம் ஒண்ணு பேசணும், அவசரமில்லை" என்றால் போதும். நிஜமாகவே அவசரமென்றால் எழுதவே வேண்டாம், நேராகக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் உடம்பைப் பற்றி "பரவாயில்லை" என்று எழுதினால் அவனுக்குக் கவலைதான் கூடும். எண்ணைச் சொல்லுங்கள்: பிபி 146/88, காலையில் மாத்திரைக்கு முன் பார்த்தது, அம்லோடிபின் 2.5 மி.கி.யிலிருந்து 5 ஆக்கியிருக்கிறார்கள். சர்க்கரை வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா என்பதும் வேண்டும். அது இல்லாத எண்ணால் பயனில்லை. மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்டர் கையெழுத்து இன்னும் மோசமாகத் தெரியும். டாக்குமெண்டாக இணையுங்கள். அதுவும் அவனுக்குத் தனியாக, குடும்பக் குரூப்பில் போட்டால் அம்மாவே படித்துவிட்டு "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

அடுத்து வானிலை. இதை ஒப்புக்குச் சேர்க்கும் வரி என்று நினைக்கிறவர்கள் அதிகம். டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் உச்ச வெப்பம் சராசரியாகப் பிப்ரவரியில் 24, மார்ச்சில் 30, ஏப்ரலில் 37 டிகிரி. ஆனால் அங்கே குளிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு 30 என்றால் என்ன தெரியும்? வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். ரஜாயை (குளிருக்கான பஞ்சுப் போர்வை) என்றைக்கு வெயிலில் போட்டுப் பெட்டியில் வைத்தீர்கள், கீசரை எப்போது நிறுத்தினீர்கள், ஃபேன் இரண்டில் ஓடுகிறதா நாலிலா, கூலருக்கு வெட்டிவேர் தட்டி மாற்றியாயிற்றா. இதில் இரண்டு போதும், அவன் இங்கேயே வந்து நின்றுவிடுவான்.

"டேய் தம்பி, நேத்து ரஜாயெல்லாம் மொட்டைமாடியில போட்டு மடிச்சு வெச்சாச்சு. அப்பா இன்னும் ஸ்வெட்டரைக் கழட்டலை. காரடையான் நோன்புக்கு உப்படை நாலு எக்ஸ்ட்ரா பண்ணினேன், அம்மா உன் பங்குன்னு எடுத்து வெச்சுட்டு சாயங்காலம் தானே சாப்பிட்டா." இந்த அளவுக்கு எழுதினால் போதும்.

படம் எடுக்கிறீர்களா? முள்ளிலவ மரத்தை இலையில்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கும்போது எடுங்கள். மரம் முழுவதையும் பிடிக்கப் பார்த்தால் வெறும் கிளைதான் தெரியும். கீழே விழுந்த ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து எடுத்தால் அதன் பருமன் புரியும். ஒரே வாரத்தில் அரச மரத்தின் செம்புத்துளிர் பச்சையாகிவிடும், அதையும் தள்ளிப்போடாதீர்கள். மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வட இந்தியாவுக்கு மழை கொண்டுவரும் காற்றழுத்தம்) வந்து ஆலங்கட்டி கொட்டினால் முப்பது நொடி வீடியோ, ஜன்னலுக்கு உள்ளிருந்தே.

குரல் பதிவுக்கு மைக் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிடுங்கள், விரல் வலிக்காது. ஃபேனை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் மூச்சுக்காற்று புஸ்புஸ்ஸென்று விழும். ஒரு பதிவுக்கு ஒரு விஷயம், இரண்டு நிமிடத்துக்குள். மாத்திரை, வீட்டு வரி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒன்பது நிமிடத்தில் அடைத்தால் பிறகு அவனால் எதையும் தேடி எடுக்க முடியாது. நடுவில் குக்கர் விசிலடித்தால் அழித்துவிட்டு மறுபடி பேச வேண்டாம், அது இருக்கட்டும்.