மேற்றோலை உரித்துப் பார்ப்பது எப்படி?

தாவரத்துக்கும் விலங்குக்கும் வெளியுறையாக அமைந்த மேற்றோல் என்னும் இழையம் எதற்காக இருக்கின்றது என்று வகுப்பில் கேட்டால், கிருமிகளைத் தடுப்பதற்காக என்ற விடையே பெரும்பாலும் வருகின்றது. அது பிழையன்று, ஆயினும் நிலத்தில் வாழும் உயிருக்கு அவ்வுறை செய்யும் தலையாய வேலை, உடலிலுள்ள நீரை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதாகும். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் நாட்களில், கொடியில் போட்ட துணி சிறிது நேரத்திலேயே மொரமொரவென்று காய்ந்துவிடும்போதும், அருகில் நிற்கும் மாமரத்தின் இலை வாடாதிருப்பதை அனைவரும் கண்டிருப்போம். அந்த வேறுபாட்டைப் பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்றைக் கொண்டு நேரிலே பார்க்கும் வழியை இங்கே தருகின்றேன்.

முதலில் றியோ இலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறம் பச்சையாகவும் கீழ்ப்புறம் ஊதாவாகவும் உள்ள இச்செடி பல வீட்டு முற்றங்களில் நிற்கின்றது. வெயில் ஏறுவதற்கு முன்னரே இலையைப் பறித்தால், இலைவாய்கள் எனப்படும் நுண்துளைகள் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இலையை மடித்துச் சரிவாகக் கிழிக்கும்போது, கிழிந்த ஓரத்தில் ஊதா நிறமான, ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா ஒன்று தொங்கும். அதுவே இலையின் கீழ்ப்புற மேற்றோல். சவர அலகால் அதில் சிறு துண்டொன்றை வெட்டி, வழுக்கி எனப்படும் கண்ணாடித் தகட்டின் மேல் விட்ட நீர்த்துளியில் மடிப்பில்லாமல் விரியுங்கள். அதை மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டை ஒரு பக்கம் ஊன்றி, ஊசியால் தாங்கி மெதுவாகச் சரித்தால் காற்றுக்குமிழிகள் அகப்படமாட்டா. கரிய விளிம்புள்ள வட்டமான குமிழியைக் கலம் என்று வரைந்து கொண்டுவரும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்பதால் இதை வலியுறுத்துகின்றேன். எமது வெக்கையில் நீர் விரைவில் வற்றிவிடும். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

100 மடங்கு உருப்பெருக்கத்தில், இடைவெளியே இல்லாமல் பதித்த ஊதா ஓடுகள் போல மேற்றோற் கலங்கள் தெரியும். அவற்றிடையே ஆங்காங்கே சோடி சோடியாக நிற்கும் பச்சை நிறக் காவற்கலங்களை 400 மடங்கில் பாருங்கள். அவரை விதை போல வளைந்த இரு கலங்களுக்கு நடுவே இருக்கும் துவாரமே இலைவாய்.

அடுத்த படியைத் தவறவிடாதீர்கள். கடற்கரையிலிருந்து ஒரு சிறு போத்தலில் கடல்நீர் கொண்டுவந்து, மூடித்துண்டின் ஒரு பக்கத்தில் ஒரு துளி விட்டு, மறுபக்கத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சுங்கள். சிறிது நேரத்தில் ஊதா நிறம் கலச்சுவரை விட்டு விலகி, நடுவிலே அடர்ந்த உருண்டையாக ஒடுங்கும். கலத்திலுள்ள நீரைக் கடல்நீர் வெளியே இழுத்துவிடுவதால் நிகழும் இதுவே முதலுருச்சுருக்கம். திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவின் கண்டற் காடுகளில் நிற்கும் கண்ணா மரமோ அதே உப்புநீரில் வாழ்கின்றது. அதன் இலை மேற்றோலிலுள்ள உப்புச் சுரப்பிகள் மிகையான உப்பை வெளியேற்றுகின்றன. வெயில் நேரத்தில் அவ்விலையை நாவால் தொட்டால் கரிக்கும்.

நுணுக்குக்காட்டி இல்லாதவர்கள் ஒரே அளவான நான்கு மாவிலைகளைக் காம்போடு பறித்து, எல்லாக் காம்பு வெட்டுகளிலும் வாசலீன் பூச வேண்டும். பின்னர் ஓரிலையின் மேற்புறத்திலும், இன்னொன்றின் கீழ்ப்புறத்திலும், மூன்றாவதின் இரு புறங்களிலும் வாசலீன் பூசி, நான்காவதை அப்படியே விட்டு, நிழலில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மேற்புறம் மட்டும் பூசிய இலை, பூசாத இலையைப் போலவே விரைவாகக் காயும். கீழ்ப்புறம் பூசியது நெடுநேரம் பசுமையாக நிற்கும். மாவிலையின் இலைவாய்கள் கீழ்ப்புறத்திலேயே உள்ளன என்பதும், மேற்புறத்தை அதன் மெழுகுப் படையே ஏற்கெனவே காத்து வந்தது என்பதும் இதனால் விளங்கும்.

விலங்குக்கு உங்கள் உடலே போதும். வாயை நன்கு கொப்பளித்த பின், புதிய பற்குச்சியின் மொட்டை முனையால் கன்னத்தின் உட்புறத்தை மென்மையாக வழித்து, வழுக்கியில் தடவி, மெதிலீன் நீலம் ஒரு துளி இடுங்கள். தட்டையான, ஒழுங்கற்ற வடிவமுள்ள கலங்கள் ஒவ்வொன்றிலும் கரு கருநீலமாகத் தெரியும். பின்னர் புறங்கையில் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து, அதற்கும் அதே சாயமிட்டுப் பாருங்கள். அங்கே இருப்பவை கருவற்ற, கெரற்றின் என்னும் வன்மையான புரதம் நிறைந்த இறந்த செதில்கள். ஈரமான வாய்க்குள் மேற்பரப்பிலுள்ள கலத்திலும் கரு நிலைத்திருக்க, காற்றுப்படும் தோலின் வெளிப்படையோ இறந்த கலங்களால் ஆனது. அடியிலிருந்து புதிய கலங்கள் எழுந்து வர, மேற்றோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படுகின்றது.

இறுதியாக, காலையில் சந்தைக்குப் போய், செதில் நீக்காத விளைமீன் ஒன்றை வாங்குங்கள். கையில் வழுக்கும் அந்தச் சளியைச் சுரப்பது மீனின் மேற்றோல். நீரில் வாழ்வதனால் அதன் வெளிக்கலங்களும் பொதுவாக உயிருள்ளவையே. செதில் மேற்றோலைச் சேர்ந்ததன்று. அதற்கு அடியிலுள்ள உட்டோலில் உருவாவது. செதிலொன்றை இடுக்கியால் பிடுங்கினால், வெளியே தெரிந்த முனையில் மட்டும் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். நட்சத்திரம் போலக் கிளைத்த நிறக்கலங்களையும் அங்கே தேடிப் பாருங்கள். வேறொரு செதிலைக் கழுவி உலர்த்தி, இரு வழுக்கிகளுக்கு இடையில் வைத்து ஓரங்களை ஒட்டி, மீனின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். அதன் வளையக் கோடுகளை அடுத்த ஆண்டு மாணவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.