அகலமாக வரைந்தாயிற்று, ஒடுங்கியது எங்கே?

மின்சுற்றுப் பலகை வரையப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோப்புகளைத் திறந்தால், எங்கள் காலத்துப் பிழைகள் ஒன்றுகூடக் குறையாமல் உள்ளே இருக்கின்றன. டயோடைத் திருப்பி வைப்பது, துளையைச் சிறிதாகப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். முதல் பலகை கைக்கு வந்ததும் அவை தாமாகத் திருந்திவிடும். பற்றரி, மோட்டர், சூரியப் படல் என்று பெரிய மின்னோட்டத்தில் கைவைக்கும்போது அகலமான செம்புப் பாதை தேவைப்படுகிறது அல்லவா, அதில் நடப்பவை மட்டும் இங்கே. உதாரணங்கள் பலகை வரையும் கீகேட் (KiCad) மென்பொருளிலிருந்து. என்னிடம் வருவோரில் அநேகமானோர் பாவிப்பது அதைத்தான்.

அகலத்தைக் கண்மதிப்பில் வைப்பது

ஒரு அவுன்ஸ் செம்பு (சதுர அடிக்கு ஓர் அவுன்ஸ்) என்றால் தடிப்பு ஏறத்தாழ 35 மைக்ரோமீற்றர். பலகை வடிவமைப்புத் தரமான ஐபிசி-2221 தரும் சூத்திரப்படி, வெளி அடுக்கில் 10 அம்பியர் ஓடியும் வெப்பநிலை 10 பாகைக்கு மேல் ஏறக்கூடாது என்றால், 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் அகலம் வேண்டும். 20 பாகை ஏறலாம் என்றால் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் பார்க்கக் கீகேட்டுக்குள்ளேயே கணிப்பான் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் சுற்றுப்புற வெப்பத்துக்கு மேல் வருவது. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், மூடிய பெட்டிக்குள் இருக்கும் பலகைக்குச் சுற்றுப்புறம் 25 பாகை அல்ல.

மெல்லிய கோடுகளை அருகருகே அடுக்கி அகலமாக்குவது

வேண்டாம். எல்லை வரைந்தால் உள்ளே செம்பை மென்பொருளே நிரப்பும் ஸோன் எதற்கு இருக்கிறது?

ஸோன் போட்டபின் அதைத் திரும்பிப் பாராதது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் 24 வோல்ற் பம்பிக்கு, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கட்டுப்பாட்டுப் பலகை வரைந்தார். தோட்டம் அவருடைய மாமாவுடையது. சீனாவில் அச்சிட்டு எடுப்பித்த பலகையில் தன் கையாலேயே ஈயம் வைத்தார். வீட்டு மேசையில் 1 அம்பியர் கொடுத்துச் சோதித்தார், ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் பூட்டிப் பம்பியை ஓடவிட்டதும் சிறிது நேரத்தில் கருகல் மணம். செம்பு பலகையைவிட்டு எழும்பி, ஓரம் கறுத்துப் போயிருந்தது. "அண்ணா, பாதை 10 மில்லிமீற்றர் அகலம். பிழைச் சோதனையிலும் பூச்சியம்" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

அவர் சொன்னது இரண்டும் உண்மை. 10 மில்லிமீற்றரில்தான் எல்லை வரைந்திருந்தார். அதற்குப் பிறகு, வேலை முடிகிற நேரத்தில், பம்பி ஓடுகிறதா என்று காட்டும் எல்ஈடி ஒன்றுக்கு 0.25 மில்லிமீற்றர் ட்ராக் (செம்புக் கோடு) ஒன்றை அந்த ஸோனுக்குள்ளால் இழுத்திருந்தார். ஸோன் என்பது நீங்கள் வரைந்த செம்பு அல்ல. நீங்கள் வரைந்தது எல்லை மட்டும். அதற்குள் மற்ற நெட்டுகளுக்கு (வேறு மின் இணைப்புகளுக்கு) உரிய இடைவெளியை விட்டுக்கொடுத்தபின் மிஞ்சுவதே செம்பு. அந்த எல்ஈடி ட்ராக் குறுக்கே நுழைந்து, பலகையின் ஓரத்தை ஒட்டித் திரும்பி, கொஞ்சத் தூரம் கூடவே போயிருந்தது. பம்பியின் மின்னோட்டம் முழுவதற்கும் மிஞ்சியது 1 மில்லிமீற்றர் அகலத்தில், ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு கீற்று.

மென்பொருள் ஏன் வாய் திறக்கவில்லை? இரண்டு முனைகளும் ஒரே செம்பில் இருக்கின்றனவா என்பதுதான் அதன் கேள்வி. இருந்தன. ஸோனின் குறைந்தபட்ச அகலம் மாற்றாமல் விட்டால் 0.25 மில்லிமீற்றர், ஆகவே இந்தக் கீற்று இன்னும் மெலிந்திருந்தாலும் அது ஏற்றுக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. 35 மைக்ரோமீற்றர் செம்பில் ஒரு சதுரத்தின் தடை, சதுரம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும், ஏறத்தாழ 0.5 மில்லியோம். 1 மில்லிமீற்றர் அகலம், 15 மில்லிமீற்றர் நீளம் என்றால் பதினைந்து சதுரங்கள், 7.5 மில்லியோம். பம்பி இழுக்கும் 10 அம்பியரில் அங்கே முக்கால் வாற்று வெப்பம் பிறக்கிறது, அதுவும் ஒரு தீக்குச்சியின் பாதியளவு கீற்றுக்குள். மேசையில் 1 அம்பியரில் அது நூறில் ஒரு பங்குதான், ஏனென்றால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மேசைச் சோதனை தேறியதற்குக் காரணம் அதுவே. மல்ரிமீற்றரின் தொடர்ச்சிச் சத்தமும் இதைச் சொல்லாது. 7 மில்லியோமுக்கும் அது கீச்சிடும், பூச்சியத்துக்கும் கீச்சிடும்.

எனக்குக் கோபம் வருவது எல்ஈடியை நினைத்துத்தான். சில மில்லியம்பியர் குடிக்கும் ஒரு விளக்கு. அதன் ட்ராக்கை எந்த மூலையாலும் கொண்டுபோயிருக்கலாம், பின்பக்கத்தில் இடம் வெறுமனே கிடந்தது. அதற்காகப் பலகை, பம்பியை ஓட்டும் ஆளிகளான மொஸ்பெற்றுகள், அடுத்த பொதி வரும்வரை மாமாவின் வாடகை எஞ்சின் என்று எல்லாம் போயிற்று. இதே கதையைச் சூரிய மின்னேற்றிகளிலும் மோட்டர் ஓட்டிகளிலும் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "பிழை பூச்சியம்" என்ற திரையைத்தான் நீட்டுகிறார்கள்.

பெரிய பாதையை முதலில் போடுங்கள். போட்டதும் அதன்மேல் ட்ராக் நுழையாதபடி ஒரு தடைப்பகுதி வரையுங்கள். எல்லாம் முடிந்தபின் பி (B) விசையை அழுத்தி மறுபடி நிரப்பி, மற்ற அடுக்குகளை மறைத்துவிட்டு, பற்றரி முனையிலிருந்து மோட்டர் முனைவரை செம்பின்மேல் விரலை ஓட்டுங்கள். எந்த இடத்தில் மிகவும் ஒடுங்குகிறதோ அந்த அகலம்தான் உங்கள் பாதையின் அகலம். கீகேட் 7 முதல் குறைந்தபட்ச இணைப்பு அகலம் என்றொரு விதி உண்டு; பூச்சியமாகவே விட்டால் அது எதையும் பார்க்காது. அதில் உங்கள் அளவை இடுங்கள், இட்டபின்னும் விரலை ஓட்டுங்கள். பலகை கைக்கு வந்ததும் 1 அம்பியர் செலுத்தி இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ற் அளந்தால், வாசிப்பு அப்படியே மில்லியோம்.

தேர்மல் ரிலீஃப் பயம்

ஈயம் வைக்கும் பேட்டை ஸோனோடு முழுவதுமாக ஒட்டாமல் நான்கு மெல்லிய கால்களால் மட்டும் இணைப்பதே தேர்மல் ரிலீஃப். அந்தக் கால்கள் மின்னோட்டத்தைத் தாங்காதோ என்பது மிகையான பயம். பேட்டைச் சுற்றிய நான்கு கால்களும் மிகக் குட்டையானவை, இரு புறமும் பெரிய செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 10 அம்பியர் வரை நான் கவலைப்படுவதில்லை, கையால் ஈயம் வைப்பதற்கும் அது வசதி. நான்கில் மூன்று கால்களை வேறு ட்ராக்குகள் அடைத்துவிட்டனவா என்று மட்டும் பாருங்கள். பற்றரி முனைகளுக்கு வேண்டுமானால் முழு இணைப்புக் கொடுங்கள்.

ஈயம் பூசினால் போதும் என்பது

ஈயக் கலவையின் தடைத்திறன் செம்பைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. 35 மைக்ரோமீற்றர் செம்புக்கு ஈடாக வேண்டுமானால் 0.3 மில்லிமீற்றர் அளவு ஈயம் நிற்க வேண்டும், தடவிவிட்டால் நிற்காது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பித் துண்டை மேலே வைத்து ஒட்டுங்கள். 7 மில்லிமீற்றர் பாதையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு செம்பு அதில் இருக்கிறது. ஒட்டுவதற்கு மாஸ்க், அதாவது செம்பை மூடும் காப்புப் பூச்சு, அங்கே திறந்திருக்க வேண்டும். மாஸ்க் அடுக்கில் நீங்கள் வரைகிற உருவம்தான் திறப்பு, பூச்சு அல்ல.

ஒற்றை வயா

வயா என்பது ஓர் அடுக்கின் செம்பை மற்ற அடுக்கோடு இணைக்கும் முலாமிட்ட துளை. 0.3 மில்லிமீற்றர் துளை, 25 மைக்ரோமீற்றர் முலாம்: 1 மில்லிமீற்றர் பாதைக்குக்கூட ஈடாகாது. 10 அம்பியரைப் பின்பக்கம் இறக்குவதென்றால் பத்துப் பதினைந்தாவது இடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் அடுக்கு மாறாதீர்கள்.