அமெரிக்க டாலர் நாணயம் சேர்ப்போர் சறுக்கும் இடங்கள்

பெரிய காசு, வெள்ளை நிறம், ஆகவே வெள்ளி. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். 1971 முதல் 1978 வரை வந்த, ஜனாதிபதி ஐசன்ஹோவர் முகம் பொறித்த டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். புழக்கத்துக்கு விட்டவை செம்பு-நிக்கல், எடை 22.68 கிராம். சேகரிப்பாளர்களுக்கென சான்பிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு பகுதியில் மட்டும் 40 சதவீதம் வெள்ளி உண்டு. அதன் எடை 24.59 கிராம். சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 'எஸ்' குறியைப் பார்த்ததும் வெள்ளி விலை கொடுத்துவிடாதீர்கள். 1973 முதல் அதே குறியோடு செம்பு-நிக்கல் புரூஃப் காசுகளும் (சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்போடு அடித்தவை) வந்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள்.

2000-இல் வந்த, சகாஜவேயா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவம் கொண்ட டாலர் பொன்னிறமாக இருக்கும். அதில் துளித் தங்கமும் கிடையாது. மேலே மாங்கனீசு கலந்த பித்தளை, உள்ளே செம்பு. '24 கேரட் முலாம்' என்றும் வண்ணம் தீட்டியும் விற்கிறார்களே, அவை நாணயச்சாலைக்கு வெளியே நடந்த வேலை. நாணயம் சேர்ப்போர் கண்ணுக்கு அது சேதம்தான்.

எல்லாவற்றையும் விட அதிகக் காசைக் கெடுத்தது துடைக்கும் ஆசை. அச்சு விழும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச்செல்கிறது. பளபளப்பின் உயிர் அந்த வரிகளில்தான். ஒற்றை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், ஒளிப்பட்டை ஒன்று சக்கரம் போல முகத்தைச் சுற்றிவரும். பற்பசையோ பாலிஷோ பட்ட காசில் அது வராது. ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள்தான் தெரியும். அப்படிப்பட்ட காசைத் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பினால் தர எண் கிடைக்காமல், 'துடைக்கப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பி வரக்கூடும். கறுத்த வெள்ளியைக் கறுத்தபடியே விடுவது உத்தமம். மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சையாகப் பிசுபிசுத்ததை மட்டும் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். அப்போதும் தேய்க்கக் கூடாது.

தரம் பார்ப்பது காசுக்குக் காசு மாறும். ஐசன்ஹோவர் டாலர் கனமானது. பைகளில் ஒன்றோடொன்று மோதியதால் புழங்காத காசிலும் ஐசன்ஹோவர் உருவத்தின் கன்னத்திலும் தாடையிலும் தழும்பு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். 1986 முதல் வரும் ஒரு அவுன்ஸ் வெள்ளி டாலரான சில்வர் ஈகிள் நேர்மாறு. 70 புள்ளி வரை போகும் அளவுகோலில் 69 வாங்குவது அதற்குச் சர்வசாதாரணம். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்கு எட்டாது, விலையில் மட்டும் நன்றாகவே எட்டும். போதாக்குறைக்கு, சான்று நிறுவனம் முத்திரையிட்டுத் தந்த பெட்டிக்குள்ளேயே பின்னாளில் பால்வெள்ளைப் புள்ளி கிளம்புவதும் உண்டு. சாதாரண ஆண்டுக் காசுக்கு 70 தேடி அலைவது என் கணக்கில் வீண்செலவு. அந்தப் பெட்டியில் வரும் 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' ('முதல் அச்சு') சீட்டும் அப்படியே: காசு வெளியான தொடக்க நாட்களில் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அச்சில் முதலில் விழுந்தது எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

2007-இல் தொடங்கிய ஜனாதிபதி டாலர்களில் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் விளிம்பில் இருக்கும். புழக்கக் காசுகளில் அந்த எழுத்தைத் தனி இயந்திரம் பொறித்தது. காசு எந்தப் பக்கம் மேலாக உள்ளே போனாலும் போகட்டும் என்று விட்டதால், தலைகீழ் எழுத்து பிழையல்ல. அதற்குக் கூடுதல் விலையும் இல்லை. எழுத்தே இல்லாத 2007 வாஷிங்டன் டாலர் நிஜமான பிழை. ஆனால் அரத்தால் ராவி எழுத்தை எடுத்தாலும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். நல்ல காசின் எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர்; கையிலிருப்பது அதைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போலி சில்வர் ஈகிளுக்குக் காந்தம் மட்டும் போதாது. செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாதே. 31.1 கிராம் எடை, 40.6 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன் மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். மலிவு உலோகத்தில் எடையைச் சரிக்கட்டினால் தடிமன் காட்டிக்கொடுக்கும். சான்றுப் பெட்டியிலும் போலி உண்டு. அதன் எண்ணைச் சான்று நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள விவரமும் படமும் கையிலிருக்கும் காசோடு ஒத்துப்போன பிறகு பணம் கொடுங்கள்.