நைட்ரஸ் சிஸ்டத்துக்கு சுவிட்ச், ரிலே வயரிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

நைட்ரஸ் கிட் (இஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தர நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தும் பாகங்கள்) கைக்கு வந்ததும் கவனமெல்லாம் பாட்டில் மேலும் ஜெட் (எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு துளை) அளவு மேலும் போய்விடுகிறது. வயரிங் கடைசியில், அவசர அவசரமாக நடக்கிறது. ஆனால் இஞ்சின் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் வயரிங் கையில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். எடைக்கணக்கில் காற்றில் சுமார் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். இந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோலும் அதே நொடியில் உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் கலவை லீனாகி (பெட்ரோல் போதாமல் போய்), சூடு ஏறி, பிஸ்டன் உருகிவிடும். அதனால் எந்த வயரைப் பொருத்தும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது அறுந்தால், கழன்றால், ஷார்ட் ஆனால் நைட்ரஸ் மட்டும் தனியாகத் திறக்குமா? திறக்கும் என்றால் அந்த வயரிங் தப்பு.

இங்கே நான் சொல்வது 12 வோல்ட் வெட் கிட் பற்றி. அதில் நைட்ரஸுக்கு ஒரு சோலனாய்டு (கரண்ட் வந்தால் திறக்கும் வால்வு), பெட்ரோலுக்கு ஒரு சோலனாய்டு இருக்கும்.

ரிலே எதற்கு?

நைட்ரஸ் சோலனாய்டு பாட்டிலின் அழுத்தத்தை, அதாவது சுமார் 900 முதல் 1000 பிஎஸ்ஐ வரை, எதிர்த்துத் திறக்க வேண்டும். அதற்குக் கரண்ட் நிறைய வேண்டும். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக அதை நேரடியாக விட்டால் சுவிட்சின் காண்டாக்ட் கருகும், வோல்டேஜும் குறையும். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) இருந்தால் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகாது. கனமான கரண்ட் ரிலேக்குள்ளேயே பேட்டரியிலிருந்து சோலனாய்டுக்குப் போய்விடும்.

ரிலேயின் அடியில் இருக்கும் எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். 30 என்பது பேட்டரி ப்ளஸ் வரும் இடம். 87 என்பது சோலனாய்டுக்குப் போகும் இடம். 86, 85 இரண்டும் ரிலேயை இயக்கும் காயிலின் முனைகள். 86-இல் ப்ளஸ், 85-இல் எர்த். ஐந்து பின் ரிலேயாக இருந்தால் 87ஏ என்று ஒன்று நடுவில் இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 அதோடுதான் சேர்ந்திருக்கும். தவறிப்போய் சோலனாய்டை அதில் மாட்டினால் பேட்டரியை இணைத்த உடனே நைட்ரஸ் திறந்துவிடும். அதனால் நான்கு பின் 40 ஆம்பியர் ரிலேயே வாங்குங்கள். உள்ளே டையோடு உள்ள ரிலே என்றால் 86-ஐயும் 85-ஐயும் மாற்றி மாட்டக் கூடாது, ஃபியூஸ் போய்விடும்.

படி 1: ஃபியூஸ் கணக்கு

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு சோலனாய்டு காயில்களையும் அளவிடுங்கள். உதாரணமாக நைட்ரஸ் காயில் 1 ஓம், பெட்ரோல் காயில் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் என்றால் முதலாவது 13.5 ஆம்பியர், இரண்டாவது 6.75 ஆம்பியர், மொத்தம் 20-ஐ ஒட்டி வரும். அதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸும் 4 சதுர மி.மீ. செம்பு வயரும் சரியாக இருக்கும். மீட்டர் வயர்களின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழிக்க மறக்காதீர்கள். இவ்வளவு சின்ன அளவில் அது கணக்கையே மாற்றிவிடும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை.

படி 2: கனமான பக்கம்

பேட்டரி ப்ளஸிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87-இலிருந்து ஒரே வயர் புறப்பட்டு இரண்டு சோலனாய்டுகளுக்கும் பிரிய வேண்டும். ஒவ்வொரு சோலனாய்டுக்கும் தனி ஃபியூஸ் போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும். செய்யாதீர்கள். பெட்ரோல் பக்கத்து ஃபியூஸ் மட்டும் போனால் நைட்ரஸ் தனியாகப் பாயும். ஒரே ஃபியூஸ் என்றால் போகும்போது இரண்டும் சேர்ந்தே மூடும்.

இதே காரணத்துக்காக எர்த்தையும் கவனியுங்கள். பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில், இறுக்கமான போல்ட்டில் வையுங்கள். பெட்ரோல் சோலனாய்டின் எர்த் லூஸாக இருந்தால் விளைவு தனி ஃபியூஸ் போன மாதிரிதான்.

படி 3: கட்டுப்படுத்தும் பக்கம்

86-க்கு வரும் ப்ளஸை பெட்ரோல் பம்ப்பின் ப்ளஸ் வயரிலிருந்து எடுப்பது எனக்குப் பிடித்த முறை. பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் இஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும், கூடவே நைட்ரஸும் நிற்கும். பம்ப்பின் வேகத்தை கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே இருக்கும் கார் என்றால் இது சரிவராது. இக்னிஷன் ஆனில் மட்டும் உயிர் வரும் வேறு வயரை எடுங்கள். அந்த ப்ளஸ் 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஆர்மிங் சுவிட்சுக்கு (சிஸ்டத்தைத் தயார் நிலைக்குக் கொண்டுவரும் முதன்மை சுவிட்ச்) வந்து, அங்கிருந்து 86-க்குப் போகும். ஆர்மிங் சுவிட்ச் மேல் மூடி உள்ளதாக இருக்கட்டும்.

85-இலிருந்து எர்த் போகும் வழியில் காவலாளிகளை வரிசையாக நிறுத்துங்கள். முதலில் த்ராட்டில் மைக்ரோ சுவிட்ச். இதில் காமன், என்ஓ (அமுக்காதபோது திறந்திருப்பது) இரண்டு முனைகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஆக்சிலரேட்டர் முழுவதும் அமுங்கும்போதுதான் அது சேர வேண்டும். அதன் கை த்ராட்டில் திரும்புவதைத் தடுக்கவே கூடாது.

அடுத்து பெட்ரோல் பிரஷர் சுவிட்ச்: அழுத்தம் குறைந்தால் திறந்துகொள்ளும் வகை. மூன்றாவது, குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும் எர்த் கொடுக்கும் விண்டோ சுவிட்ச். கீழ் எல்லையாக 3000 ஆர்பிஎம் வைப்பது வழக்கம்; அதற்குக் கீழே நைட்ரஸ் விட்டால் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் குழாயில்) பேக்ஃபயர் ஆகும், அதாவது கலவை அங்கேயே வெடிக்கும், அபாயம் அதிகம். மேல் எல்லை ரெவ் லிமிட்டருக்கு (இஞ்சின் வேகம் அளவு மீறாமல் தடுப்பது) சில நூறு ஆர்பிஎம் முன்னாலேயே இருக்கட்டும். லிமிட்டர் இன்ஜெக்டரை நிறுத்தும் கார்களில், அந்த நேரத்தில் நைட்ரஸ் போய்க்கொண்டிருந்தால் கலவை கெட்டுவிடும்.

எல்லாம் சீரியஸில். ஒன்று மறுத்தாலும் ரிலே அசையாது.

பட்ஜெட் இடம் கொடுத்தால் ரிலேயை இரண்டாக்குங்கள்: ஆர்மிங் சுவிட்ச் இயக்கும் முதல் ரிலேயின் 87, இரண்டாவதன் 30-க்குப் போகட்டும். ஒன்றின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று துண்டிக்கும்.

படி 4: சோதனை

பாட்டில் வால்வு மூடி, லைன் காலியாக இருக்க வேண்டும். சோலனாய்டு வயர்களையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் சோலனாய்டு இணைந்திருக்கும்போது, இஞ்சின் ஓடாமல் அது திறந்தால் இன்டேக் முழுக்கப் பெட்ரோல் நிறையும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் தீப்பிடிக்கும், அல்லது சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி கனெக்டிங் ராட் வளையும்.

அந்த வயர்களின் முனையில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். விண்டோ சுவிட்சைத் தற்காலிகமாகத் தாண்டி எர்த் கொடுத்து, பம்ப் ஓடும் நிலையில் எல்லா நிபந்தனைகளும் சேரும்போது விளக்கு எரிகிறதா பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக உடையுங்கள்: ஆர்மிங்கை அணையுங்கள், பெடலைக் கொஞ்சம் விடுங்கள், பிரஷர் சுவிட்ச் வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் விளக்கு உடனே அணைய வேண்டும். எரிவதைப் பார்த்துத் திருப்தியாகி நிறுத்திவிடாதீர்கள். அணைவதுதான் முக்கியமான சோதனை.

விண்டோ சுவிட்சைப் பழையபடி இணைத்து, சோலனாய்டுகளையும் மாட்டிய பிறகு, ட்ராக்கில் முதல் ஓட்டத்தை பாட்டில் மூடிய நிலையிலேயே செய்யுங்கள். நைட்ரஸ் இல்லாமல் பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போவதால் சோலனாய்டு திறக்கும் கணத்தில் இஞ்சின் ரிச்சாகி (பெட்ரோல் அதிகமாகி) திணறும். அந்தத் திணறல் நீங்கள் வைத்த ஆர்பிஎம்மில் தொடங்கி, பெடலை விட்டதும் நின்றால், பாட்டிலைத் திறக்கலாம்.